ஓசூரில் இருக்கோம், வீட்டுச் சாப்பாட்டை மாத்தணும்: எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

பாகலூர்ரோடு அம்மா கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிச்சுட்டு வழி சொல்லுங்க.

ஓசூரில் பாகலூர் ரோடு பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கோம். நான், வீட்டுக்காரர், ரெண்டு பசங்க, மாமியார், மொத்தம் அஞ்சு பேர். வீட்டுக்காரருக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. நான் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு பார்க்கிறேன். காலையில் 8:30-க்குக் கிளம்பினா சாயந்திரம் 6:30 ஆகும் வீடு வர.

பெரியவன் ஆறாவது படிக்கிறான். போன மாசம் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்தாங்க. ஒரு வாரம் வீட்டில் வீணாப் போற சாப்பாட்டைத் தினமும் எடை போட்டு நோட்டில் எழுதணும். அவன் ஒரு நீல பக்கெட்டை அடுப்படி மூலையில் வெச்சு, கேக் செய்ய வாங்கின தராசில் ராத்திரி ராத்திரி எடை போட்டான். ஏழு நாள் கூட்டினா 6 கிலோ 400 கிராம். அதில் காய்த்தோல், காம்பு, முட்டை ஓடு 2 கிலோ 700. ஃப்ரிட்ஜில் அழுகினது (கொத்தமல்லி, தக்காளி, பாதி சுரைக்காய்) 1 கிலோ 100. மீதி 2 கிலோ 600 சமைச்ச சாப்பாடு. அதிலும் சோறு மட்டும் 1 கிலோ 700.

தொழிலே கணக்கு பார்க்கிறது. என் வீட்டுக் கணக்கை ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. அந்த நோட்டைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை. எங்கம்மா தட்டில் ஒரு பருக்கை இருந்தாலும் எழுந்திருக்க விடமாட்டாங்க.

இதுக்கு முன்னாடியே நான் ஒரு முயற்சி பண்ணினேன். சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு எங்கேயோ படிச்சுட்டு ஓட்ஸ், கினோவா, பாதாம் பால்னு ஆர்டர் போட்டேன். கினோவா பாக்கெட்டில் பெரு நாட்டில் விளைஞ்சதுன்னு போட்டிருந்தது. பசங்க ரெண்டு நாள் சாப்பிட்டாங்க, மூணாவது நாள் தட்டைத் தள்ளிட்டாங்க. அந்தப் பாக்கெட்டும் பாதியில் வண்டு வெச்சுப் போச்சு. மாமியாருக்குச் சொந்த ஊர் கெலமங்கலம் பக்கம். அவங்க ஒண்ணும் திட்டலை. பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்துட்டு, "இதை எந்த மாசத்துல விதைப்பாங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க. எனக்குத் தெரியலை. ராகியை எந்த மாசம் விதைப்பாங்கன்னு கேட்டிருந்தாலும் அன்னிக்கு எனக்குப் பதில் தெரிஞ்சிருக்காது.

இப்ப என் சந்தேகங்கள். அரிசியைக் குறைச்சு சிறுதானியத்துக்குப் போறது மண்ணுக்கும் தண்ணிக்கும் உண்மையிலேயே நல்லதா, இல்லை இதுவும் ஒரு விளம்பரம்தானா? வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை மட்டனை விடமாட்டேங்கிறார், அதுக்கு என்ன பண்றது? உள்ளூரில் விளைஞ்சதை மட்டும்தான் வாங்கணுமா? வேலைக்குப் போற பொம்பளையால் வாரத்துக்கு எத்தனை நாள் இதையெல்லாம் நடத்த முடியும்? தினமும் ரெண்டு மணி நேரம் அடுப்பில் நிக்க என்னால் ஆகாது, அதையும் மனசில் வெச்சுச் சொல்லுங்க.


பாலக்கோட்டுக்காரி சொன்னது:

கண்ணு, நான் சொல்லச் சொல்ல என் மக எழுதுறா. எனக்கு 61 வயசு. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துல சத்துணவுல சமைச்சு ஓய்வு வாங்கினவ. வீட்டுல ரெண்டு ஏக்கர் மேட்டு நிலம், ஒரு மாடு.

நீ தானியத்துல இருந்து ஆரம்பிக்கற. நான் ஆள் கணக்குல இருந்து ஆரம்பிக்கச் சொல்லுவேன்.

சத்துணவுல அளவு இருக்கு. ஒண்ணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் ஒரு புள்ளைக்கு 100 கிராம் அரிசி, ஆறாவதுல இருந்து 150 கிராம். ஆனா பதிவேட்டுல 84 பேர் இருக்காங்கன்னு 84 பேருக்கு அளந்து போட்டுட மாட்டோம். காலையில மணி அடிச்சு டீச்சர் வருகை எடுத்து, இன்னிக்கு எத்தனை பேருன்னு துண்டுச் சீட்டு வர்ற வரைக்கும் அரிசி மூட்டையைத் தொடமாட்டேன். பக்கத்தூர்ல திருவிழான்னா அன்னிக்கு 60 தான் வரும். அன்னைக்கும் 84-க்குப் போட்டிருந்தா 24 புள்ளைங்க சோறு மாட்டுத் தொட்டிக்குத்தான் போகும். தலையை எண்ணிட்டு உலை வைக்கணும். இத்தனை வருசம் நான் கத்துக்கிட்டது அதுதான்.

உன் வீட்டுல யாரு தலையை எண்றா? வீட்டுக்காரருக்கு ஷிப்டுங்கற. அவரு கேன்டீன்ல சாப்பிட்டுட்டு வர்ற நாளும் நீ அஞ்சு பேருக்குத்தான் குக்கர் வைப்ப. பையன் சாயந்திரம் பப்ஸ் தின்னுட்டு வந்திருப்பான். அந்த 1 கிலோ 700 சோறு அங்கதான் இருக்குது. சாயந்திரம் வீட்டுக்கு வர்றப்ப ஒவ்வொருத்தரையும் கேளு: ராத்திரி சாப்பிடுவியா, எவ்வளவு பசி? கேட்டுட்டு அரிசியை டம்ளர்ல அளந்து போடு. கண்ணளவுல போடாத. கண்ணளவு எப்பவும் ஒரு கை கூடத்தான் போகும், நம்ம ஊருப் பொம்பளைங்களுக்குக் குறைச்சுப் போட மனசு வராது. யாராவது வந்துட்டா என்ன பண்றதுன்னு ஒரு பயம். வந்தா வரட்டும், பத்து நிமிசத்துல ரவை கிண்டிக்கலாம்.

தட்டுல மிச்சம் வைக்கறதுக்கும் ஒண்ணு சொல்றேன். முருங்கைக் கீரையைத் தனியாப் பொரிச்சு வெச்சா புள்ளைங்க ஓரத்துல ஒதுக்கிடும். அதையே பருப்போட கடைஞ்சு சோத்துல ஊத்தினா தட்டு காலி. ஒதுக்கினதைப் பார்த்துட்டு புள்ளையைத் திட்டறதுல ஒண்ணும் ஆகாது. அடுத்த தடவை செய்யற விதத்தை மாத்தணும்.

இப்ப ராகிக்கு வர்றேன். உன் மாமியார் கேட்ட கேள்விக்குப் பதில்: ஆடியில, மழை பார்த்து. எங்க பக்கம் ராகிக்குள்ள சால் விட்டு அவரை, துவரை போடுவோம், ஓரத்துல கடுகு. ராகி நாலு மாசத்துக்குள்ள வந்துடும். அதை அறுத்த பின்னாடியும் அவரை நிக்கும். மார்கழிப் பனியில பூத்துக் காய்க்கும். நெலத்துல ஒண்ணா நின்னது சட்டியிலயும் ஒண்ணா வரும், களிக்கு அவரைக்கொட்டைக் குழம்பு. இதுக்குப் போர்வெல் தண்ணி பாய்ச்சினது கிடையாது, வானம் பார்த்ததுதான்.

வேலைக்குப் போறவளுக்குக் களி எப்படின்னு கேட்ப. முக்கால் மணி நேரம் போதும், அதுல பாதி நேரம் நீ பக்கத்துல இருக்கவே வேண்டாம். அஞ்சு பேருக்கு ஒரு டம்ளர் அரிசி நொய், ரெண்டு டம்ளர் ராகி மாவு. கனமான பாத்திரத்துல ஆறு டம்ளர் தண்ணி கொதிக்க வெச்சு, உப்புப் போட்டு நொய்யை வேக விடு. நொய் மலர்ந்து கஞ்சி மாதிரி வந்ததும் தீயைக் குறைச்சு மாவை நடுவுல குவியலாக் கொட்டு. இங்கதான் எல்லாரும் தப்புப் பண்றாங்க, உடனே கிண்டிடறாங்க. கிண்டக்கூடாது. களிக்கோல் காம்பால குவியல் நடுவுல அடி வரைக்கும் ஒரு குழி குத்து. அந்தக் குழி வழியாத் தண்ணி தளபுளன்னு மேல வந்து மாவை வேக வைக்கும். மூடி போட்டு பத்து நிமிசம் விட்டுட்டு நீ கீரையை ஆய்ஞ்சுக்கோ. அப்புறம் இறக்கி வெச்சு, ஒரு துணியால பாத்திரத்தைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு, ஓரத்துல இருந்து நடுவுக்கு அழுத்தி அழுத்திக் கிண்டு. கட்டி இருந்தா பாத்திரத்து ஓரத்துல வெச்சு நசுக்கு. விரலைத் தண்ணியில தொட்டுட்டு களியைத் தொடு, ஒட்டலைன்னா வெந்துடுச்சு. தட்டுல தண்ணி தெளிச்சு உருட்டு.

மிஞ்சினா? களி வீணாப் போன கதையே எனக்குத் தெரியாது. ராத்திரி உருண்டையைத் தண்ணியில போட்டு மூடி வை. காலையில கரைச்சு மோர் ஊத்தி, சின்ன வெங்காயம் கடிச்சுக்கிட்டா அதுதான் கூழு. அடுப்பே பத்த வைக்க வேண்டாம், கேஸ் மிச்சம். சோறும் அப்படித்தான். எங்க வீட்டுல பழைய சோத்துக்காகவே ஒரு மண்சட்டி தனியா இருக்குது. ஃப்ரிட்ஜுல மூணு நாள் வெச்சு அப்புறம் கொட்டறதை விட, அன்னிக்கே தண்ணி ஊத்தினா மறுநாள் காலைக்கு ஆச்சு.

தக்காளி அழுகினதுன்னு எழுதியிருக்க, அதுதான் எனக்கு நெஞ்சுல குத்துச்சு. எங்க பாலக்கோட்டுத் தக்காளி மண்டிக்கு ஒரு சீசன்ல வந்து பாரு. விலை விழுந்துட்டா பறிக்கற கூலிக்கும் வண்டி வாடகைக்குமே கட்டாது. செடியிலயே விட்டுடுவாங்க. இல்லைன்னா கொண்டு வந்த கிரேடை, அதான் தக்காளிப் பெட்டியை, ரோட்டோரத்துல கவுத்துட்டுப் போவாங்க. எங்க தோட்டத்துலயும் ஒரு வருசம் மாட்டை விட்டு மேய்ச்சிருக்கோம். நாலு மாசம் தண்ணி கட்டி, மருந்தடிச்சு, கொம்பு நட்டுக் கயிறு கட்டி வளர்த்த பயிரு. அப்படி விலை விழற வாரத்துல நீ ஒரு கிரேடு வாங்கு. பக்கத்து வீட்டு ரெண்டு பேரோட பங்கு போட்டுக்கோ. பாதியைத் தொக்கு போடு, பாதியை நாலா நறுக்கி உப்புத் தடவி மாடியில நாலு நாள் நல்ல வெயில்ல காய வெச்சு டப்பாவுல போட்டுக்கோ. கிலோ நூறு ரூபா விக்கற மாசத்துல ரசத்துக்கும் சாம்பாருக்கும் அது போதும். தக்காளியே வாங்க வேண்டாம். நம்ம பக்கம் புளிக்கா பஞ்சம்?

வாரத்துல ரெண்டு ராத்திரி களி, மீதி நாள் தலையை எண்ணிச் சோறு. முதல் மாசத்துக்கு இவ்வளவு போதும். அதுக்கு மேல இழுத்துப் போட்டுக்காத.


தளி மலைக்காட்டான் சொன்னது:

பாலக்கோட்டு அம்மா சொன்னதுக்கு மேல சமையலில் எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லை. நான் வேளாண்மை படிச்சவன், தளி பக்கம் அஞ்சு ஏக்கர் பண்றேன். சகோதரி கேட்ட மத்த சந்தேகங்களுக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதலில் உங்க பையன் நோட்டு. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் வெளியிட்ட உணவு வீணாதல் அறிக்கையில், இந்தியாவில் வீடுகளில் ஒரு ஆளுக்கு வருசத்துக்கு 55 கிலோன்னு மதிப்பிட்டிருக்காங்க. உங்க வீட்டுக் கணக்கு 6.4 கிலோவை 52 வாரத்தால் பெருக்கி அஞ்சு பேருக்கு வகுத்தா 66 கிலோ சொச்சம். அதனால் உங்க வீடு மட்டும் ஏதோ ஊரில் இல்லாத தப்புப் பண்ணிடுச்சுன்னு நினைக்க வேண்டாம். எல்லார் வீட்டிலும் நடக்குது, உங்க பையன் எடை போட்டதால் கண்ணுக்குத் தெரிஞ்சது.

அந்த 1 கிலோ 700 சோறு சமைக்க 600 கிராம் அரிசி போயிருக்கும். அது ஏறக்குறைய 900 கிராம் நெல். ஒரு கிலோ நெல் விளைய மழையும் பாசனமும் சேர்த்து உலக சராசரி 2,500 லிட்டர் தண்ணீர்னு சொல்றாங்க. உங்க நீல பக்கெட்டில் வாரா வாரம் 2,000 லிட்டருக்கு மேல போகுதுன்னு அர்த்தம். தண்ணி லாரி வந்தா பக்கெட்டோட ஓடற ஊரில் இருந்துக்கிட்டு இதைச் சொல்றேன்.

அரிசியா ராகியா என்பது வெறும் விளம்பரம் இல்லை. நெல் வயலில் தண்ணி தேங்கி நிக்கறப்ப மண்ணுக்குள் காற்று போகாது. அந்த நிலையில் வாழற நுண்ணுயிர்கள் மட்கும் பொருளைத் தின்னு மீத்தேன் விடும். மீத்தேன் கரியமில வாயுவை விடப் பல மடங்கு சூட்டைப் பிடிச்சு வைக்கிறது. ராகி, சாமை எல்லாம் மேட்டு நிலப் பயிர், தண்ணி தேங்கினா அதுக்கே ஆகாது, அதனால் அந்தப் பிரச்சினை கிடையாது. ராகியில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து, வளர்ற பசங்களுக்கு நல்லது. நெல்லையே விடணும்னு நான் சொல்லலை. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பாசனத்தில் நெல் போடற என் சொந்தக்காரங்களே இருக்காங்க. காய்ச்சலும் பாய்ச்சலுமா, அதாவது வயலைக் கொஞ்சம் காய விட்டு விட்டுத் தண்ணி கட்டினா அதிலும் மீத்தேன் குறையும். வானம் பார்த்த பூமியில் விளையறது தட்டுக்கு வராமல் போனா அந்த நிலம் தரிசாகும், இல்லைன்னா பிளாட்டாகும். ஓசூரைச் சுத்தி அதைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கோம்.

இந்தப் பக்கம் ராகி போட்டவங்களுக்குக் கொஞ்ச வருசமா நம்பிக்கை வந்திருக்கு. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசே கொள்முதல் பண்ணுது. மத்திய அரசின் ஆதரவு விலை 2022-23-இல் குவிண்டாலுக்கு 3,578 ரூபாயா இருந்தது, 2025-26-க்கு 4,886. 2023 மே மாசம் தர்மபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்க ஆரம்பிச்சாங்க. நீங்க ஓசூர் உழவர் சந்தையில் கேட்டு முழு ராகியா வாங்குங்க. கல் பொறுக்கி, கழுவிக் காய வெச்சு, பக்கத்து மில்லில் அரைச்சா பாக்கெட் மாவை விட மலிவு. மாவா வாங்கினா ஒரு மாசத்துக்கு மேல் வைக்காதீங்க. முழு ராகி வருசக்கணக்கில் கெடாது, அந்தக் காலத்தில் குழி வெட்டிச் சேர்த்து வெச்ச தானியம் அது.

உள்ளூர்ப் பொருள் மட்டும்தானா என்பதில் எனக்கு வேற கருத்து. 2018-இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது, 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் கணக்கு. மனுசங்க வெளியிடற வெப்ப வாயுக்களில் நாலில் ஒரு பங்கு உணவால்தான் வருது. ஆனா அந்த நாலில் ஒரு பங்குக்குள்ள லாரி, கப்பல் போக்குவரத்தின் பங்கு பத்தில் ஒண்ணு கூட இல்லை. என்ன சாப்பிடறோம், எப்படி விளைஞ்சது என்பதுதான் பெருசு. விமானத்தில் வர்ற பழம், காய் மட்டும் விதிவிலக்கு. அதனால் நாசிக் வெங்காயம் வாங்கறதுக்கு மனசு கலங்க வேண்டாம். உள்ளூரில் வாங்குங்கன்னு நான் சொல்றது, காசு நம்ம ஊர் விவசாயி கைக்கு வரணும், பருவத்துக்குத் தகுந்த மாதிரி சாப்பிட வரணும் என்பதுக்காக. மே, ஜூனில் கிருஷ்ணகிரி மாம்பழம் குவியும்போது டிசம்பரில் வந்த வெளிநாட்டு ஆப்பிளை யாரும் நினைக்க மாட்டாங்க.

மட்டன் விஷயம். ஆடும் மாடும் அசை போடற பிராணி, வயித்தில் நொதிச்சு மீத்தேன் வெளியே வரும். அதனால் கிலோவுக்குக் கிலோ ஆட்டுக்கறியின் சுமை கோழி, முட்டையை விடப் பல மடங்கு அதிகம். வீட்டுக்காரர்கிட்ட நிறுத்துங்கன்னு சொல்லிச் சண்டை போடாதீங்க. மாசத்துக்கு நாலு ஞாயிறில் ஒண்ணு மட்டன், ரெண்டு கோழி, ஒண்ணு முட்டைக் குழம்புன்னு பேசிப் பாருங்க. கறி அரைக் கிலோவாக் குறைச்சு அதில் முருங்கைக்காயோ மொச்சையோ சேர்த்தா குழம்பு அளவும் குறையாது. அஞ்செட்டி பக்கம் ஆடு மேய்ச்சுப் பிழைக்கிற குடும்பங்களை நான் தினமும் பார்க்கிறேன். அவங்க வீட்டிலேயே மாரியம்மன் பண்டிகைக்கும் விருந்தாளிக்கும்தான் கறி. வாரா வாரம் வாங்கறது நாமதான்.

கொள்ளையும் மறந்துடாதீங்க. காவேரிப்பட்டணம் பக்கத்தில் பையூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த கொள்ளு ரகங்கள் எங்க ஊரில் இன்னும் போடறாங்க. கடைசி மழையில் விதைச்சா போதும், உரம் கேட்காது, வேர் முடிச்சில் தழைச்சத்தைப் பிடிச்சு மண்ணுக்கே திருப்பிக் கொடுக்கும். ராத்திரி ஊற வெச்சுக் குக்கரில் போட்டா கேஸும் குறைவு. தண்ணியை இறுத்து ரசம், கொள்ளைக் கடைஞ்சு சோத்துக்கு. ஒரு பயறில் ரெண்டு சாப்பாடு.


சிப்காட் மெஸ் சொன்னது:

நான் ஓசூர் சிப்காட் பக்கம் ஒன்பது வருசமா மெஸ் நடத்தறேன். மதியம் 120 பேர் வரைக்கும் சாப்பிடுவாங்க, பெரும்பாலும் கல்யாணம் ஆகாத பசங்க. பாலக்கோட்டு அம்மா சொன்ன தலைக்கணக்கு எங்க தொழிலுக்கு உயிர். முன்னாடி சனிக்கிழமை ஓவர்டைம் இல்லைன்னு தெரியாம முழுசா வடிச்சுட்டு, சாயந்திரம் ரெண்டு டிரம் சோத்தைப் பன்னி வளர்க்கிறவர்கிட்ட கொடுத்திருக்கேன். சும்மாதான் கொடுத்தேன், ஆனா அரிசி மூட்டைக்கு நான் கொடுத்த காசு சும்மா வரலை. இப்ப பசங்களோட ஒரு வாட்ஸ்அப் குழு வெச்சிருக்கேன். காலையில 9 மணிக்குள்ள வர்றவங்க ஒரு கை காட்டணும், அவ்வளவுதான். சோறு வீணாகிறது பாதிக்கு மேல குறைஞ்சுடுச்சு.

இன்னொண்ணு, கரண்டியைச் சின்னதா மாத்தினேன். முதல் தடவை பெரிய கரண்டியில ரெண்டு போட்டா இலையில நிக்கும். சின்னக் கரண்டியில போட்டு, எத்தனை தடவை வேணும்னாலும் கேளுங்கன்னு சொன்னேன். யாரும் பசியோட போகலை. பரிமாறுற பையனுக்குத்தான் நடை கூடிப் போச்சு, அவனுக்குச் சம்பளத்துல ஐந்நூறு ஏத்திக் கொடுத்தேன்.

பார்சலைப் பத்தி யாரும் பேசலை. 2019 ஜனவரி 1-லிருந்து ஒரு தடவை தூக்கிப்போடற பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டுல தடை இருக்கு. அப்படியும் சூடான சாம்பாரைப் பிளாஸ்டிக் கவர்ல கட்டிக் கொடுன்னு கேட்டு நிக்கறவங்க தினமும் வர்றாங்க. நான் கொடுக்கறதில்லை. இதனால சில பேர் பக்கத்துக் கடைக்குப் போயிட்டாங்க, பரவாயில்லை. தூக்குப்போசி கொண்டு வந்தா சாப்பாட்டுல 5 ரூபா குறைக்கிறேன். ஆபீஸ் போற வழியில ஒரு டிபன் கேரியர் வண்டியில மாட்டியிருந்தா போதும் சகோதரி. வெளியில வாங்கற நாளும் இருக்கத்தானே செய்யும், அந்த நாளுக்கும் ஒரு வழி வேணும்.


மாடித்தோட்டம் தர்மபுரி சொன்னது:

அந்த 2 கிலோ 700 தோலுக்கு மட்டும் சொல்றேன். பழைய 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட் ரெண்டு எடுத்து அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போடுங்க. தோல் ஒரு பங்கு, காய்ஞ்ச இலை ரெண்டு பங்கு, மாத்தி மாத்திப் போட்டு, புளிச்ச மோர் கொஞ்சம் தெளிச்சு மூடி வையுங்க. நாத்தம் வந்தா ஈரம் அதிகம்னு அர்த்தம், இலை சேருங்க. ஒண்ணு நிறைஞ்சதும் அடுத்ததுக்குப் போயிடுங்க. ரெண்டு, ரெண்டரை மாசத்தில் முதல் பக்கெட் கறுப்பு மண்ணா வரும். அதிலேயே தண்டுக்கீரை விதை தூவுங்க. பால்கனியில் அரை நாள் வெயில் இருந்தா கீரை வரும். சமைச்ச சாப்பாடு, எலும்பு போடக்கூடாது, எலி வரும்.


பாகலூர்ரோடு அம்மா திரும்ப எழுதினது (மூணு வாரம் கழிச்சு):

எல்லாருக்கும் நன்றி. உடனே பதில் போடலை, செஞ்சு பார்த்துட்டு எழுதணும்னு இருந்தேன்.

சாயந்திரம் 6 மணிக்கு ஆபீசில் இருந்தே வீட்டுக் குழுவில் 'ராத்திரிக்கு யார் யார்?'னு போட்டுடறேன். முதல் வாரம் வீட்டுக்காரர் பதிலே போடலை. ஒரு நாள் அவருக்குச் சேர்த்து வடிக்கலை, அவர் வந்து மாவு இருந்ததால் தோசை ஊத்திச் சாப்பிட்டார். மறுநாளில் இருந்து மதியமே பதில் வந்துடுது. பையன் போன வாரம் மறுபடி எடை போட்டான். சோறு 400 கிராம். ஃப்ரிட்ஜில் அழுகினது 300. தோல் மட்டும் அப்படியே இருக்கு, பக்கெட் வெச்சிருக்கேன், பார்க்கலாம்.

மட்டன் மாசத்துக்கு ரெண்டு தடவைன்னு ஒத்துக்கிட்டார். நான் ஒண்ணுன்னு கேட்டேன். இப்போதைக்கு ரெண்டு.

களிதான் முதல் தடவை கட்டி கட்டியா வந்துடுச்சு. பாலக்கோட்டு அம்மா சொன்ன மாதிரி குழி குத்தினேன், ஆனா பயத்தில் அஞ்சாவது நிமிசமே கிண்டிட்டேன். மாமியார் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. மூணாவது தடவை என் கையில் இருந்த கரண்டியை வாங்கி, முந்தானையைச் செருகிட்டு, பாத்திரத்தைக் கீழ இறக்கி வெச்சு உட்கார்ந்துட்டாங்க. முழங்கால் வலின்னு தரையில் உட்காரவே மாட்டாங்க. கிண்டி முடிச்சு தட்டில் உருட்டினப்ப களி வழவழன்னு கண்ணாடி மாதிரி இருந்தது. சின்னவள் முழு உருண்டை சாப்பிட்டா, கீரைக் கடைசலோட. பாட்டி பண்ணினாத்தான் சாப்பிடுவேன்னு இப்ப சொல்றா. அதனால் வாரத்துக்கு ரெண்டு நாள் ராத்திரி அடுப்படி மாமியாருடையது. அவரைக்காய்க்கு அவங்க இப்பவே மார்கழியை எண்ணிக்கிட்டு இருக்காங்க.

ஒரே ஒரு சிக்கல். தோசைக் கரண்டியில்தான் கிண்டறாங்க, ரெண்டு வளைஞ்சு போச்சு. நல்ல மரக் களிக்கோல் எங்கே வாங்கறதுன்னு யாராவது சொல்லுங்க. பாத்திரக் கடையில் கேட்டா மத்தைக் காட்டறாங்க.


பாலக்கோட்டுக்காரி சொன்னது:

வாங்க வேண்டாம் கண்ணு. எங்க வீட்டுல மூணு இருக்குது, ஒண்ணு எங்க மாமியார் வெச்சிருந்தது. புளியங்கட்டையில இழைச்சது, காம்பு கொஞ்சம் தேய்ஞ்சிருக்கும், கைக்கு நல்லா இருக்கும். என் மகன் வேலைக்கு ஓசூருக்குத்தான் வர்றான். உன் மாமியாருக்குக் கோல் தோள் உயரத்துக்கு வேணுமா, இடுப்பு உயரத்துக்கு வேணுமான்னு கேட்டுச் சொல்லு, நீளம் பார்த்துக் கொடுத்தனுப்பறேன். வர்றப்ப அரைக் கிலோ அவரை விதையும் சேர்த்துக் கொடுக்கறேன், பால்கனிக் கம்பியில ஏத்தி விடு.